குரல் எண் பதினேழு

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாகேஸ்வரியின் தையல்கடை ஒரு கட்டில் போடுகிற அளவுதான் இருக்கும். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவள் ஓரடி பின்னுக்குப் போனால் அயன்பெட்டியில் முட்டிக்கொள்வாள். அதற்குள் ஒரு தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, சுருள் வயர் தொங்குகிற பழைய தொலைபேசி. இவற்றோடு சேர்த்து, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் ரகசியங்கள் முக்கால்வாசியும் அங்கேதான் கிடந்தன. அளவுநாடா இடுப்பைச் சுற்றும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிற பெண்ணை நாகேஸ்வரி இன்றுவரை கண்டதில்லை. அவளுடைய உதட்டுக்கிடையில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். பதில் சொல்ல முடியாதவளிடம் எதையும் சொல்லலாம் என்று வந்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள்.

2010ஆம் ஆண்டு வரைக்கும் அவள் கேட்டதோடு சரி. அந்த வருசம் கதம்பம் வானொலியின் ஆண்டு விழா நடந்தது. வானொலியை நடத்துகிற சங்கத்துக்குத் தலைவர் ஞானசுந்தரம். ரூ லூயி-பிளாங்கில் விமானச் சீட்டு விற்கிற அலுவலகம் வைத்திருப்பவர். அவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்த தேர்தலைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. விழாவன்று மத்தியானம் தொடக்கம் பதினொரு பெண்கள் மண்டபத்துச் சமையலறையில் நின்று வடை சுட்டார்கள். நாகேஸ்வரியும் அதில் ஒருத்தி. மேடையில் ஞானசுந்தரம் பொன்னாடையோடு நின்று, பெண்கள் நம் சமூகத்தின் கண்கள் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். சமையலறைக்கு ஜன்னல் இல்லாதபடியால் கண்களுக்கு அந்தக் காட்சி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் வானொலியில் ‘மனந்திறந்து’ நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. நேயர்கள் தொலைபேசியில் வந்து கருத்துச் சொல்கிற நிகழ்ச்சி. கடையில் ஆளில்லை. நாகேஸ்வரி ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். முன்னால் நாலு இலக்கம் அழுத்தினால் அழைப்பவருடைய எண் தெரியாது என்பது பாரிசில் சீட்டுக்காசு கேட்பவருக்கு ஒளிகிற ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதை அழுத்தி, மூக்கை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, புறநகர் பொபினியிலிருந்து சிசிலியா கதைக்கிறேன் என்றாள்.

“தலைவர் அண்ணை எங்களைக் கண்கள் எண்டு சொன்னவராம். நல்லது. கண்ணுக்கு எண்ணெய்ப் புகை பட்டால் எரியும் எண்டும் ஆரும் அவருக்குச் சொல்லிவிடுங்கோ.”

அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க ஒரு பாட்டுப் போட்டார். மறுநாள் கடைக்கு வந்த மூன்று பெண்கள் சிசிலியா சொன்னதை நாகேஸ்வரிக்கே சொல்லிக் காட்டினார்கள். ஒருத்தி, சிசிலியா தன்னோடு ஒரே கட்டடத்தில் இருக்கிறவள்தான், நெடுகலும் அப்பிடித்தான் கதைப்பாள் என்று சத்தியம் பண்ணினாள். நாகேஸ்வரி ஊசிகளைக் கடித்துக்கொண்டு கழுத்தளவு எடுத்தாள்.

ருசி கண்டுவிட்டது. ஒரே ஆள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று அடுத்த வருசம் அந்தோணியம்மாள் பிறந்தாள். மன்னார்க் கிழவி. செவ்ரானில் நாகேஸ்வரியின் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த மனிசியின் பேச்சு இழுவையைக் கடன் வாங்கி அவளுக்குக் கொடுத்தாள். பிறகு லூசியா வந்தாள். பாண்டிச்சேரிக்காரி, இரண்டு சொல்லுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் போடுகிறவள். அவளுடைய குரலில் மயங்கி, திருமணம் ஆனவவோ என்று வானொலிக்கு எடுத்துக் கேட்டவர்களும் உண்டு. நாலாவது ரேமண்ட். தொலைபேசி வாங்கியில் துவாயைச் சுற்றி வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கதைக்கிற ஆம்பிளை.

நாலு பேரிலும் ரேமண்டுக்குத்தான் மதிப்பு. சங்கத்தின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அலுவலகத்துக்குப் பின்னாலுள்ள இருட்டறையில் வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்று சிசிலியா சொன்னபோது சனம் சிரித்தது. அந்தோணியம்மாள் சொன்னபோது, பாவம் வயது போன மனிசி என்றது. அதையே ரேமண்ட் சொன்னவுடன் செயற்குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றி, புது இடம் எடுத்தது. அந்த வருசத்தின் சிறந்த நேயர் என்று ரேமண்டுக்குக் கேடயமும் அறிவித்தார்கள். வாங்க ஆள் வராததால் அது ஞானசுந்தரத்தின் அலுவலக மேசை லாச்சிக்குள் கிடந்தது.

நாகேஸ்வரியின் புருசன் குணரத்தினம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான், ஆனால் வானொலியைக் காதில் மாட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். வீட்டுக்கு வந்து ரேமண்ட் என்ன சொன்னான் என்று மனைவிக்கு வரிவரியாகச் சொல்வார். ஆம்பிளை எண்டால் இப்பிடி முகத்துக்கு நேரே கதைக்கவேணும் என்பார். நாகேஸ்வரி சோற்றைப் போட்டுக்கொண்டு ஓம் ஓம் என்பாள்.

ஒன்பது வருசம் இப்படிப் போனது. 2019இல் ஞானசுந்தரத்துக்கு வரலாற்றில் இடம்பிடிக்கும் ஆசை வந்தது. நகரசபையிடம் கொஞ்ச உதவி எடுத்து, வானொலியின் பழைய ஒலிப்பதிவுகள் முழுவதையும் ‘குரல் பெட்டகம்’ என்று இணையத்தில் போடுவதாக அறிவித்தார். பொறுப்பு அவருடைய அக்கா மகன் சேந்தனுக்கு. முப்பது வயது, கணினிப் படிப்பு, மாமாவோடு தமிழிலும் தன்னோடு தானே பிரெஞ்சிலும் கதைக்கிறவன். யார் எந்த இடத்தில் பேசுகிறார்கள் என்று தானே பிரித்து எண்போடுகிற ஒரு நிரலை அவன் கொண்டுவந்து கணினியில் பொருத்தினான். ஒரு குரலைத் தொட்டால், அந்தக் குரல் இத்தனை வருசத்தில் பேசியது அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரு நாள் அவன் மாமாவிடம் போய், சிசிலியா, அந்தோணியம்மாள், லூசியா, ரேமண்ட் நாலு பேரும் ஒரே ஆள், குரல் எண் பதினேழு, அதுவும் ஒரு பொம்பிளை என்று சொன்னான். ஞானசுந்தரம் முதலில் நம்பவில்லை. பிறகு லாச்சியைத் திறந்து கேடயத்தைப் பார்த்தார். ஒரு பொம்பிளையின் சொல்லைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம் என்பதுதான் அவரை ஆகக் கூடச் சுட்டது.

இதையெல்லாம் நாகேஸ்வரிக்குச் சொன்னவள் ஞானசுந்தரத்தின் மனைவி சிவாஜினி. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் கோப்புகள் பார்க்கிற வேலை. பொது இடத்தில் புருசனுக்குப் பின்னால் நிற்பாள், படங்களில் பாதி முகம் விழும். ஆண்டு விழாச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள் கண்ணாடியைப் பார்த்தபடி திட்டத்தைச் சொன்னாள். இருபதாம் ஆண்டு வாழ்த்து என்று லா சப்பலில் உள்ள பெண்கள் எல்லோரையும் இரண்டு வரி பேசவைத்துப் பதியப்போகிறார்களாம். அதை மெஷினுக்குக் கொடுத்தால் பதினேழு ஆரெண்டு சொல்லிவிடுமாம்.

“பாவம் அந்த மனிசி,” என்றாள் சிவாஜினி.

நாகேஸ்வரிக்கு ஊசி உதட்டில் குத்தியது. தோள்மூட்டு அளவை இரண்டு தரம் பிழையாக எழுதினாள். போகும்போது சிவாஜினி, தான் வேலைநாளில் வானொலிக் கலையகத்துக்குப் போகமுடியாது, தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லச் சொன்னவர்கள், தன்னுடையதில் பற்றரி செத்துப்போய்க் கிடக்கு என்று சொல்லி, கடைத் தொலைபேசியில் இரண்டு வரி பேசிவிட்டுப் போனாள்.

நாகேஸ்வரி நழுவத்தான் பார்த்தாள். தொண்டை கட்டியிருக்கு என்றாள். வேலை கூட என்றாள். ஆனால் கடைகடையாக ஏறி இறங்கின செயற்குழு ஆட்கள் பேரை அட்டவணையில் குறித்துக்கொண்டு திரிந்தார்கள். வராதவள்தான் கள்ளி என்கிற மாதிரி ஒரு பேச்சும் கிளம்பியது. ஆகவே ஒரு வியாழக்கிழமை கலையகத்துக்குப் போனாள். ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சேந்தனிடம், ஆரும் குரலை மாத்திக் கதைச்சால் மெஷினுக்கு விளங்குமோ தம்பி என்று கேட்டாள். அவன் சந்தோசப்பட்டான். மூக்கைப் பொத்தினாலும், ஊர்ப்பேச்சை மாத்தினாலும் தொண்டையின் அமைப்பை மாத்த ஏலாது அன்ரி, அது கைரேகை மாதிரி என்றான். நாகேஸ்வரி தன் சொந்தக் குரலில், வானொலி ஒன்றில் முதல் தடவையாக, கதம்பம் நீடூழி வாழ்க என்று சொன்னாள்.

முடிவைச் சபையில் வைத்துத்தான் சொல்லவேண்டும் என்று ஞானசுந்தரம் பிடிவாதமாக இருந்தார். ஞாயிறு மத்தியானம், அறுபது பேர், பெரிய திரை. முதலில் பெட்டகத்தின் திறமையைக் காட்டுவதற்குச் சேந்தன் குரல் எண் ஐந்தைத் தொட்டான். 2009 மே மாதம், ஊரில் போர் முடிந்த நேரம். ஒரு இளம் பெண், பேர் சொல்லவில்லை. தம்பியை எந்த இடத்தில் கடைசியாகக் கண்டது, அவன் என்ன வேலையில் இருந்தவன், ஆர் கூட்டிக்கொண்டு போனது என்று விம்மி விம்மிச் சொல்கிறாள். அடுத்தது 2016. அதே குரல், சிரித்தபடி, பேரும் முகவரியும் சொல்லி, பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பதாக விளம்பரம் பண்ணுகிறது.

“ஏழு வருச இடைவெளி. மெஷின் ஒரு செக்கனிலை பிடிச்சிட்டுது,” என்றான் சேந்தன்.

சபை கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நிரஞ்சலா தட்டவில்லை. கேக் செய்கிறவள் அவள்தான். தாயும் இன்னொரு தம்பியும் இன்னும் ஊரில். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, முழங்கால்களை இடித்து மன்னிப்புக் கேட்டுக்கேட்டு, வெளியே போனாள். கதவு மூடுகிற சத்தம் கைதட்டலுக்குள் போய்விட்டது.

பிறகு பதினேழு. வாழ்த்துச் சொன்ன அறுபத்து மூன்று பேரில் ஒருத்தியின் பேர் திரையில் பச்சையாக மேலே வந்தது. தொண்ணூற்று நாலு வீதப் பொருத்தம். சிவாஜினி ஞானசுந்தரம்.

சபை முழுக்கச் சிவாஜினியின் பக்கம் திரும்பியது. சேந்தன் பொத்தானை விட்டுக் கையை எடுக்கவேண்டியவன், பயத்தில் அழுத்திவிட்டான். சிவாஜினியின் வாழ்த்து மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பின்னால் ‘ங்ங்ங்’ என்று ஒரு ஓயாத ரீங்காரம். அந்தச் சத்தம் என்னவென்று அறுபது பேரில் நாகேஸ்வரிக்கு மட்டும் தெரிந்தது. பத்து வருசமாக அவள் காதோடு வாழ்கிற சத்தம், அவளுடைய கடைத் தொலைபேசி. சிசிலியாவும் ரேமண்டும் அந்த வயரால்தான் போனார்கள். மெஷின் தொண்டையைக் கண்டுபிடிக்கவில்லை, தொலைபேசியைக் கண்டுபிடித்திருக்கிறது.

ஞானசுந்தரம் அன்று தலைமையுரை ஆற்றவில்லை. சங்கத்தின் வரலாற்றில் அது முதல் தடவை.

அடுத்த கிழமை முழுவதும் அவர் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிடுகிறார் என்று சட்டை தைக்க வந்தவர்கள் சொன்னார்கள். நாகேஸ்வரிக்குத் தப்பித்த சந்தோசம் ஒரு நாள்தான் இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பெண்ணின் குடும்பம் குழம்புகிறது என்று நினைக்க நினைக்க, தைத்த சட்டையைத் திரும்பப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. சனிக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு ரூ லூயி-பிளாங்குக்குப் போனாள். ஞானசுந்தரமும் சேந்தனும் இருந்தார்கள்.

“அண்ணை, பதினேழு நான்தான்,” என்றாள்.

ஞானசுந்தரம் கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. தொலைபேசியின் கதையைச் சொன்னாள். சேந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னணி இரைச்சலை எல்லாம் கழித்துப்போட்டுத்தான் மெஷின் பார்க்கும், இது தெரியாமல் கதைக்கக்கூடாது என்றான். வேண்டுமென்றால் இப்பவே பார்ப்போம் என்று ஒலிவாங்கியை நீட்டினான். நாகேஸ்வரி மூக்கை அடைத்துச் சிசிலியாவானாள். மன்னார்க் கிழவியானாள். லூசியாவாகச் சிரித்தாள். கழுத்துச் சால்வையை வாய்க்கு முன்னால் சுருட்டிப் பிடித்து, ரேமண்ட் 2014இல் இருட்டறையைப் பற்றிப் பேசியதை அச்சுப் பிசகாமல் பேசினாள். சீட்டு வாங்க வந்து நின்ற ஒரு ஆள், ரேமண்ட் அண்ணையோ என்று சுற்றிமுற்றிப் பார்த்தார்.

சேந்தன் கணினியைத் திருப்பிக் காட்டினான். முப்பத்தொரு வீதம்.

“பாருங்கோ அன்ரி, நீங்கள் இல்லை.”

ஞானசுந்தரத்துக்குக் கண் கலங்கியிருந்தது. “தங்கச்சி, நீங்கள் நல்ல மனிசி. என்ரை மனிசியைக் காப்பாத்த வந்திருக்கிறியள், அது எனக்கு விளங்குது. ஆனால் இது விஞ்ஞானம்.”

ஒரு மனிசி தன் வாயால், தன் குரலில், தன்னைப் பற்றிச் சொல்வதற்கு முப்பத்தொரு வீதம்தான் விலை என்றால் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதுதான். திரும்பி நடக்கும்போது, பயத்தை விடப் பெரிதாக ஒரு கோபம் அவளுக்கு வந்தது. ஒன்பது வருசம் ஆரும் பிடித்துவிடுவார்களோ என்று ஒளிந்தவள், இப்போது ஆரும் நம்பவில்லை என்று கோபப்படுகிறாள். தனக்கே வெட்கமாகவும் இருந்தது.

சிவாஜினி சட்டை எடுக்க வந்தபோது நாகேஸ்வரி எல்லாவற்றையும் கொட்டினாள். மற்றவள் சட்டையை உடலோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்குத் தெரியும் அக்கா. கனகாலமாத் தெரியும். நான் உங்களுக்குச் சொல்லுற கதை ஞாயிற்றுக்கிழமை றேடியோவிலை வந்தால் எனக்கு விளங்காதோ? அந்த இருட்டறையைப் பற்றிச் சொன்னது நான்தானே.”

நாகேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அப்போ உண்மையைச் சொல்லுவம், இரண்டு பேருமாகப் போவம் என்றாள். சிவாஜினி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். இப்போது அந்த மனிசன் எதைச் செய்வதற்கும் முன்னால் தன்னிடம் கேட்கிறாராம். சட்டியைத் தானே கழுவி வைக்கிறாராம். தெருவில் பெண்கள் நின்று கை தருகிறார்களாம். இருபத்திரண்டு வருசக் கலியாணத்தில் கிடைக்காதது ஒரு பிழையான மெஷினால் கிடைத்திருக்கு, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதையுங்கோ என்றாள். நாகேஸ்வரிக்கு, தன் பிள்ளையை ஆரோ தூக்கிக்கொண்டு போய்ச் சீராட்டுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆனால் சிவாஜினி அதோடு நிற்கவில்லை. நிரஞ்சலா எழும்பிப் போனதை அவளும் கண்டிருந்தாள். தனியாட்களின் தரவைக் காக்கிற புதுச் சட்டம் வந்தபோது அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவள். ஒரு ஆளின் குரலை, அவருடைய சம்மதம் இல்லாமல், ஆளை அடையாளம் காணுவதற்கு மெஷினில் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். நாகேஸ்வரியின் தையல் மேசையில் இருந்து, கழித்துவிட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு, பிரெஞ்சில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். 2009இல் தொலைபேசி எடுத்தவர்கள் ஊரில் உள்ள சொந்தங்களைப் பற்றி வானொலியை நம்பிச் சொன்னது, அதை இன்று பேரோடும் முகவரியோடும் சேர்த்துக் கட்டுவது உயிரோடு விளையாடுவது, பதினைந்து நாளில் குரல் எண்கள் அத்தனையும் அழிக்கப்படாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு முறைப்பாடு போகும். நிரஞ்சலா முதலாவதாகக் கையெழுத்து வைத்தாள். இரண்டாவது நாகேஸ்வரி. மூன்றாவது சிவாஜினி. றெக்கொமான்டே என்று பதிவுத்தபாலில், தன் வீட்டுத் தலைவருக்கே, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற மாதிரி அனுப்பினாள். தபால்காரர் வந்தபோது கதவைத் திறந்து கையெழுத்து வைத்தவளும் அவள்தான்.

பன்னிரண்டாம் நாள் பெட்டகம் இணையத்திலிருந்து காணாமல் போனது. எண்களை அழித்ததற்கான சான்றைச் சேந்தன் எழுதிக் கொடுத்தான். அவன் செய்தது பெரிய பிழை என்று அவனுக்கு இன்றைக்கும் தோன்றவில்லை, தரவு போதாது என்றுதான் சொல்கிறான். மே மாதத்து ஒலிப்பதிவுகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். நிரஞ்சலா ஒரு நாள் கேக்கோடு கடைக்கு வந்தாள். மூன்று துண்டு வெட்டி வைத்துவிட்டுப் போனாள்.

சங்கமோ சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே நேயர்களின் தனியுரிமையைக் காக்க முன்வந்த வானொலி நாங்கள்தான் என்று அறிக்கை விட்டது. அதற்கு ஒரு விழா எடுத்தது. தூரநோக்குக்காக ஞானசுந்தரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வடை இந்த முறை கடையில் வாங்கினது. சிவாஜினி அப்படித்தான் என்று சொல்லிவிட்டாளாம்.

அதோடு நேயர்கள் கதைக்கும்போது குரலை மாற்றிவிடுகிற கருவி ஒன்றும் வாங்கிப் பூட்டினார்கள். அதன் பிறகு கிழவியும் குமரியும் ஆம்பிளையும் எல்லோரும், கிணற்றுக்குள் விழுந்த ஒரே ஆள் மாதிரிக் கேட்டார்கள். ‘மனந்திறந்து’ கேட்கிற ஆட்கள் குறைந்துபோனார்கள். ரேமண்ட் எங்கை போட்டான் என்று குணரத்தினம் கவலைப்பட்டார். பயந்திருப்பான் என்றாள் நாகேஸ்வரி.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. மண்டபத்தில் பெண்களின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வருசக்கணக்காகச் சொல்லியும் ஆரும் காதில் போடவில்லை. நாலு இலக்கத்தை அழுத்தி எடுத்தாள். மூக்கைப் பொத்தவில்லை, துவாய் சுற்றவில்லை. கருவிதான் மாற்றிவிடுமே என்று, அந்த நிகழ்ச்சியில் முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலிலேயே கதைக்கத் தொடங்கினாள். இரண்டு வசனம் முடியவில்லை, அறிவிப்பாளர் மரியாதையாகக் குறுக்கிட்டார்.

“வணக்கம் சிவாஜினி அக்கா. உங்களைத் தெரியாமல் இருக்குமோ?”

நாகேஸ்வரி வாங்கியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்பப்போகிறார்களா?

“ஓம் தம்பி,” என்றாள். “தாழ்ப்பாள் விசயம் சொல்லிக்கொண்டிருந்தனான்.”

நாலு நிமிடம் கதைத்துவிட்டு வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஞானசுந்தரம் தானே ஸ்குறூட்றைவரோடு போய்த் தாழ்ப்பாளைப் பூட்டினாராம். இதை வீட்டிலை வைச்சுச் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் மனைவியிடம் கேட்டாராம். அவள் கழுவக் கிடந்த சட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டாளாம்.